மைதானத்திடம் விடைபெற்ற அல்பேர் காமு

புலவர் வரலாறு எழுதுவோர் பிறந்த ஊரைக் கூறுவர், பெற்றோரைக் கூறுவர், கற்ற நூல்களையும் கற்பித்த ஆசிரியரையும் கூறுவர், இயற்றிய நூல்களை நிரல்படுத்துவர். அவர் சிறுபருவத்தில் என்ன விளையாடினார், எந்த வயதில் அதனை விட்டார், விட்டபொழுது அவர் உள்ளம் என்ன பாடுபட்டது என்று கூறுவாரைக் காண்பது அரிது. விளையாட்டு வரலாற்றுக்குப் புறம்பான பொருள் என்பது நம்மவர் எண்ணம் போலும். சங்கச் சான்றோர் அவ்வாறு எண்ணவில்லை. புறநானூற்றில் 243ஆம் பாட்டைப் பாடியவர், தம் பாட்டில் வரும் தொடராலேயே தொடித்தலை விழுத்தண்டினார் எனப் பெயர் பெற்ற ஒரு முதியவர். பூண் பிடித்த கோலை ஊன்றி நடப்பவர். இருமலுக்கிடையே சில சொற்களைத்தான் அவராற் சொல்ல முடிகிறது. நீர்த்துறையிலே தாழ்ந்து கிடந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நின்றோர் திகைக்கும்படி ஆழ்ந்த மடுவிற் குதித்து, அடிமணலை அள்ளிவந்து காட்டிய தம் இளமையை நினைந்து அவர் இரங்குகின்றார். அந்தப் பாட்டில் அரசன் இல்லை, போர் இல்லை, பரிசில் இல்லை. விட்டுப்போன ஒரு விளையாட்டு இருக்கிறது.

இந்தப் பாட்டை வகுப்பிற் பாடஞ்சொல்லும் பொழுதெல்லாம் எனக்குப் பிரெஞ்சு எழுத்தாளர் ஒருவர் நினைவுக்கு வருவார். அவர் முதியவர் அல்லர். விளையாட்டை விட்டபொழுது அவருக்கு வயது பதினேழு. இருமல் மாத்திரம் அவருக்கும் இருந்தது. 1957ஆம் ஆண்டில் இலக்கியத்துக்கான நோபெல் பரிசைப் பெற்ற அல்பேர் காமுவே அவர். 'அந்நியன்' எழுதியவர் என்று அவரைத் தமிழ் வாசகர் அறிவர், பிரெஞ்சிலிருந்து வெ. ஸ்ரீராம் நேரே மொழிபெயர்த்த அந்நூல் 1980 தொடக்கம் தமிழில் உலவுகிறது. வாழ்வின் பொருளின்மையை ஆராய்ந்த மெய்யியலாளர் என்று மாணவர் பரீட்சைக்கு எழுதுவர். அவர் ஒரு கோல்காப்பாளர் என்பதைப் பலர் வேடிக்கைச் செய்தியாகவே சொல்லிச் செல்வர். நான் அதனை வேடிக்கையாகக் கொள்ளவில்லை.

காமு 1913 நவம்பர் 7ஆம் நாள் அல்ஜீரியாவில் மொந்தோவி என்னும் சிற்றூரிற் பிறந்தார். அல்ஜீரியா அக்காலத்திற் பிரான்சின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. தந்தையார் லூசியன் திராட்சரச வாணிக நிலையமொன்றிற் பணிசெய்தவர். முதல் உலகப் போர் மூண்டதும் படைக்கு அழைக்கப்பட்டார். மார்ன் நதிப் போரிற் காயமுற்று 1914 அக்டோபரில் வைத்தியசாலையில் இறந்தார். குழந்தைக்கு அப்பொழுது ஒரு வயதுகூட நிரம்பவில்லை. தாயார் கத்தரின் இரண்டு ஆண்மக்களையும் எடுத்துக்கொண்டு அல்ஜியேர்ஸ் நகரின் பெல்கூர் என்னும் ஏழைத் தொழிலாளர் பகுதியிலிருந்த தம் தாய்வீட்டை அடைந்தார். மூன்று அறைகள் கொண்ட அவ்வீட்டிற் குழாய்நீர் இல்லை, மின்விளக்கு இல்லை. தாயாருக்குக் காது சரியாகக் கேளாது. பேச்சு மிகக் குறைவு. எழுத்து வாசனை இல்லை. பிறர் வீடுகளிற் கூட்டித் துடைத்து உழைத்தார். பீப்பாப் பட்டறையில் வேலைசெய்த மாமன் ஒருவரும் செவிப்புலன் குன்றியவரே. அவ்வீட்டிற் குரலெடுத்துப் பேசி ஆட்சி நடத்தியவர் பாட்டியார் ஒருவர்தாம். அவர் கையிற் சாட்டையும் இருந்தது.

இந்தப் பாட்டியாருக்கும் உதைபந்தாட்டத்துக்கும் பகை. பகைக்குக் காரணம் சப்பாத்து. வறிய வீட்டில் ஒரு சோடிச் சப்பாத்து என்பது ஒரு பெருஞ்செலவு. சீமெந்து முற்றத்திற் பந்தை உதைத்து ஓடும் சிறுவனின் சப்பாத்தடி எத்தனை நாளைக்குத் தாங்கும்? காமு தம் இறுதிக் காலத்தில் எழுதிய, பெரிதும் தம் வாழ்க்கையையே தழுவிய 'முதல் மனிதன்' என்னும் நாவலில் இதனை விரிவாகச் சொல்லியிருக்கிறார். பாட்டி தடித்த சப்பாத்து வாங்கி, அதன் அடியிற் பெரிய கூம்பாணிகளை அறைவிக்கிறாள். ஆணி தேயாதபடி காப்பது ஒரு நோக்கம். தேய்ந்தால் அகப்படுவான் என்பது மற்றொரு நோக்கம். மாலையிற் பையன் வீடு திரும்பியதும் காலைத் தூக்கிக் காட்டவேண்டும். ஆணி மினுங்கினால் அடி. இருந்தும் பையன் அடுத்த நாளும் விளையாடுகிறான். அதே நாவலில் இன்னொரு நிகழ்ச்சியும் வருகிறது. பந்தாட்டப் போட்டி பார்ப்பதற்காகக் கடைக்குப் போய்வந்த மீதிக் காசில் இரண்டு பிராங்கை ஒளித்துக்கொண்டு, அது மலகூடத்துக் குழியில் விழுந்துவிட்டது என்று பொய் சொல்கிறான் பையன். பாட்டி சட்டைக் கையை மடித்துக்கொண்டு அந்தக் குழியிலே கையை விட்டுத் துழாவுகிறாள். அவள் கஞ்சத்தனத்தினாற் செய்யவில்லை, அந்த வீட்டுக்கு இரண்டு பிராங்கு உண்மையிலேயே பெரிய தொகை என்று பையனுக்கு அப்பொழுதுதான் உறைக்கிறது. வறுமையைப் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ பக்கங்களை நான் படித்திருக்கிறேன். அந்தக் கை போல என்னை வருத்திய இடம் வேறில்லை.

காமு கோல்காப்பாளர் ஆனதற்கும் சப்பாத்தே காரணம் என்று வரலாறெழுதியோர் சிலர் கூறுவர். ஓடுவோரைவிட நிற்பவனுக்குத் தேய்மானம் குறைவல்லவா? இது பொருத்தமாகத் தோன்றினாலும் முழுக்காரணம் ஆகாது என்பது என் எண்ணம். கோல்காப்பாளனுக்குப் பாய்தலும் விழுதலும் உருளுதலும் உண்டு. சப்பாத்துக்கு நேராத சேதம் காற்சட்டைக்கு நேரும். மற்றப் பத்துப்பேரின் ஆட்டத்தையும் முகத்துக்கு நேரே பார்த்துக்கொண்டு தனியே நிற்பவன் அவன் ஒருவன்தான். ஆட்டம் அவனை விட்டு விலகிச் செல்லும். திரும்பி வரும்பொழுது தாக்குதலாகவே வரும். பேசாத வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இந்தத் தனிமை பழக்கமானதாகவும் இருந்திருக்கலாம். பத்துப்பேருக்குப் பின்னால் நிற்கும் தனிமை வீட்டுத் தனிமையைவிட இனிமையாகவும் இருந்திருக்கலாம்.

ஆரம்பப் பாடசாலையில் லூயி ஜெர்மேன் என்னும் ஆசிரியர் இந்தப் பையனைக் கண்டுகொண்டார். புலமைப்பரிசிற் பரீட்சைக்குத் தெரிந்தெடுத்த சிலருக்கு அவர் பாடசாலை முடிந்தபின் காசு வாங்காது பாடஞ்சொன்னார். பையன் விரைவில் உழைக்கப் போகவேண்டும் என்று நின்ற பாட்டியாரின் வீட்டுக்குத் தாமே சென்று பேசி இணங்கவைத்தார். 1924இற் பையன் அல்ஜியேர்ஸ் நகரத்து உயர்தரப் பாடசாலையிற் சேர்ந்தான். நம் நாட்டிலும் புலமைப்பரிசிற் பரீட்சையின் பெயரால் எவ்வளவோ நடைபெறுகிறது. வீடுதேடிச் சென்று ஒரு பாட்டியாரோடு வாதாடிய ஆசிரியர் எத்தனை பேர் என்பதை ஆசிரியர்களாகிய நாமே எண்ணிக்கொள்ளலாம்.

உயர்தரப் பாடசாலையிற் செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் இருந்தனர். தாயின் தொழிலைப் படிவத்தில் எழுதும்பொழுதே பையன் வெட்கத்தை அறிந்தான். வெட்கப்பட்டதற்காக மறுகணம் வெட்கப்பட்டான். முற்றத்திற் பந்து உருளும் வேளையில் அந்த வேறுபாடு மறைந்தது. பந்துக்குத் தாயின் தொழில் தெரியாது. கோடை விடுமுறையில் மற்றையோர் கடற்கரைக்கும் பிரான்சுக்கும் போனபொழுது இவன் இரும்புச் சாமான் கடையிலும் கப்பல் தரகர் அலுவலகத்திலும் வேலைசெய்தான். மற்ற நாட்களில் உடம்பே அவனுடைய செல்வம். வெயிலும் கடலும் பந்தும் காசின்றிக் கிடைத்தன. ஆணியடித்த சப்பாத்து ஒன்றுதான் அந்த இன்பத்துக்கு விதிக்கப்பட்ட வரி.

முதலில் மொன்பான்சியே என்னும் கழகத்துக்காக விளையாடினார். பின்னர் அல்ஜியேர்ஸ் பல்கலைக்கழக ரேசிங் கழகத்தின் இளையோர் அணியிற் கோல்காப்பாளரானார். நீலமும் வெள்ளையும் கோடிட்ட சட்டை அக்கழகத்தின் அடையாளம். 1953ஆம் ஆண்டில், தமக்கு நாற்பது வயது நெருங்கும் வேளையில், அக்கழகத்தின் சஞ்சிகைக்கு ஒரு சிறு கட்டுரை எழுதினார். எதிரணியிலே தம் முதுகின்மேல் முழுப் பாரத்தையும் போட்டு விழும் பருத்த ஆட்டக்காரன் ஒருவன் அதில் வருகிறான். மயானத்துக்கு அருகே அமைந்த மைதானம் ஒன்று வருகிறது. வென்ற மாலையின் களைப்பும் தோற்ற மாலையில் அழவேண்டும்போல் எழும் உணர்ச்சியும் வருகின்றன. பந்து நாம் எதிர்பார்க்கும் பக்கத்திலிருந்து வருவதில்லை என்று தாம் மைதானத்திற் கற்றது பின்னர் வாழ்க்கையில் உதவிற்று என்றும், அறத்தையும் கடமையையும் பற்றித் தாம் உறுதியாக அறிந்ததை விளையாட்டினின்றும் அக்கழகத்தினின்றும் பெற்றதாகவும் அதில் எழுதினார். இந்தக் கருத்தை இன்று சட்டைகளிலும் சுவரொட்டிகளிலும் அச்சிடுகின்றனர். அச்சிடுவோர் கழகத்தின் பெயரை விட்டுவிடுவது வழக்கம். அதனைப் பெரிய தத்துவமாக உலகுக்குச் சொன்னவரல்லர் அவர். பழைய தோழர்கள் படிக்கும் ஒரு சிறு சஞ்சிகையிற் கடன்பட்டவனின் கணக்குப்போல எழுதிவைத்தார்.

1930ஆம் ஆண்டின் இறுதியில் இருமல் தொடங்கிற்று. பின்னர் இரத்தம் வந்தது. வலது நுரையீரலிற் சயரோகம் என்று வைத்தியர் கண்டனர். நோய்க்குக் காரணமான கிருமியை ரொபேர்ட் கொக் 1882இலேயே கண்டறிந்துவிட்டார். அதனைக் கொல்லும் முதல் மருந்தாகிய ஸ்ரெப்ரோமைசின் 1943இலேதான் கண்டுபிடிக்கப்பட்டது. இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடையே நோயுற்றவர்கள் நோயின் பெயரை அறிந்து மருந்தை அறியாதவர்கள். அக்காலத்துச் சிகிச்சை ஒன்றுண்டு. நெஞ்சறையில் ஊசியைச் செலுத்தி, நுரையீரலைச் சூழ்ந்த இரு சவ்வுகளுக்கும் இடையே காற்றை ஏற்றுவர். வெளியிலிருந்து அமுக்கும் காற்றினால் நுரையீரல் சுருங்கும், சுருங்கினால் அசையாது, அசையாதிருந்தாற் புண் ஆறலாம். ஏற்றிய காற்றை உடம்பு உறிஞ்சிவிடும் ஆதலின் குறித்த நாட்களுக்கு ஒருமுறை மீண்டும் ஏற்றவேண்டும். இது மாதக்கணக்கிலன்றி ஆண்டுக்கணக்கில் நடக்கும். போரில் இறந்தவரின் மகன் என்பதனாற் காமுவுக்கு இச்சிகிச்சை முஸ்தபா வைத்தியசாலையிற் செலவின்றிக் கிடைத்தது. தந்தை மகனுக்குத் தந்த சொத்து இது ஒன்றே என்று சொன்னாலும் பிழையில்லை.

ஒரு நுரையீரலை உறங்கவைத்துவிட்டுப் பந்தின் முன் பாய முடியாது. கோல் காவல் முடிந்தது. பிரியாவிடைப் போட்டி இல்லை. தோழர் தோளில் தூக்கிச் செல்லவில்லை. முதிர்ந்த வீரர் விளையாட்டை விடும்பொழுது இரு பக்கத்திலும் ஆயத்தம் இருக்கும்; உடம்பு சில ஆண்டுகளாகவே சொல்லிக்கொண்டிருக்கும், மனமும் கேட்டும் கேளாதது போல் இருக்கும். பதினேழு வயதில் வரும் பிரிவு அத்தகையதன்று. அது பந்து எதிர்பாராத பக்கத்திலிருந்து வருவது போன்றது.

எங்கள் பாடசாலையில் ஒரு மாணவன் இருந்தான். வாதக் காய்ச்சலால் இருதயத்திற் குறை ஏற்பட்டு, ஓடியாடக்கூடாது என்று வைத்தியர் விலக்கியிருந்தார். மாலை வேளையில் மைதானத்தின் ஓரத்து வேப்பமரத்தின் கீழ் மற்றையோரின் புத்தகப் பைகளையும் கைக்கடிகாரங்களையும் காத்துக்கொண்டு இருப்பான். பந்து கோட்டைத் தாண்டி அவன் பக்கம் உருண்டு வரும். அவன் எழுந்து, அதனைக் கையால் எடுத்துக் கொடுப்பான், காலால் உதைக்கமாட்டான். விளையாட்டுப் பொறுப்பாசிரியர் அதனைக் கவனித்தார் போலும். போட்டி விவரங்களை எழுதும் கொப்பியை அவனிடம் ஒப்படைத்தார். அவன் எழுதிய குறிப்புக்களை நான் படித்திருக்கிறேன். யார் யாருக்குப் பந்தைக் கொடுத்தான், யார் கொடாமல் விட்டான் என்பது அவற்றில் இருந்தது. ஒரு பெயரடை மிகுதியாக இராது. கட்டுரைப் பாடத்தில் நான் பல ஆண்டு சொல்லியும் மற்றையோருக்கு வராத சொற்சிக்கனம் அவனுக்கு வந்திருந்தது. காமுவின் உரைநடை பற்றித் திறனாய்வாளர் சொல்லும் இறுக்கத்தை நினைக்கும்பொழுது எனக்கு அந்தக் கொப்பியும் நினைவுக்கு வரும். மைதானத்தின் ஓரம் நல்ல எழுத்துப் பள்ளி என்று இதனால் யாரும் முடிவுகட்டவேண்டாம். அவன் விளையாடவே விரும்பினான்.

வைத்தியசாலையிலிருந்து வந்த காமுவை அத்தை முறையான உறவினர் வீட்டில் வைத்துப் பார்த்தனர். தாயின் சகோதரியை மணந்த குஸ்தாவ் அக்கோ என்பவர் இறைச்சிக்கடை நடத்தியவர். சயரோகிக்கு மாட்டிறைச்சி நல்லது என்பது அக்காலத்து வைத்தியம். அது அவ்வீட்டிற் குறைவின்றிக் கிடைத்தது. அதனிலும் வியப்பானது, இறைச்சிக் கடைக்காரரின் வீட்டில் நல்லதொரு நூலகமும் இருந்தது. அக்கோ வொல்த்தேயரைப் படித்தவர். அனத்தோல் பிரான்சைப் படித்தவர். காப்பிக்கடையில் அமர்ந்து அரசியல் வாதாடுபவர். ஆந்திரே ஜீதின் நூலொன்றை நோயுற்ற பையனின் கையிற் கொடுத்தவரும் அவரே. பெல்கூர் வீட்டிலே புத்தகமே கிடையாது என்பதை நினைத்தால் இது எத்துணைப் பெரிய இடமாற்றம் என்பது விளங்கும்.

மற்றவர் ஜீன் கிரெனியே. 1930இல் அப்பாடசாலைக்கு வந்த மெய்யியல் ஆசிரியர். வகுப்பில் வந்து சில வாரங்களே இருந்த மாணவன் நோயுற்றான் என்று கேட்டு அவர் பெல்கூருக்கு அவனைப் பார்க்கச் சென்றார். மாணவன் அதிகம் பேசவில்லை. ஆசிரியர் அவ்வளவு தூரம் வந்ததே அவன் நாவைக் கட்டிவிட்டது. 1931 அக்டோபரில் அவன் மீண்டும் அதே வகுப்புக்கு வந்து இறுதியாண்டைத் திரும்பவும் படித்தான். நோய் வராதிருந்தால் கிரெனியேயிடம் ஓராண்டே படித்துப் போயிருப்பான். 1937இல் வெளிவந்த தம் முதல் நூலை அவருக்கே காணிக்கையாக்கினார் காமு. இவ்வாறு சொல்லும்பொழுது, நோய் எழுத்தாளனை ஆக்கிற்று என்று சொல்லும் ஆசை எவருக்கும் எழும். அப்படிச் சொல்லுவது எனக்கு உடன்பாடன்று. சயரோகம் அக்காலத்திற் பெல்கூரில் எத்தனையோ பிள்ளைகளை வந்தடைந்தது. அவர்கள் எழுத்தாளராகவில்லை, இறந்துபோயினர். நோய் ஒரு கதவைச் சாத்தியது. வேறொரு கதவைத் திறந்தவர்கள் ஓர் இறைச்சிக்கடைக்காரரும் இரண்டு ஆசிரியர்களும்.

சாத்திய கதவுகள் பின்னும் பல. பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படித்து 1936இற் பட்டம் பெற்றார். அரசாங்க உயர்பாடசாலையில் ஆசிரியராவதற்கான போட்டிப் பரீட்சைக்குச் செல்ல உடற்றகுதிச் சான்று வேண்டும். நுரையீரல் அதற்கு இடங்கொடுக்கவில்லை. 1939இற் போர் மூண்டபொழுது தாமாகவே படையிற் சேர முன்வந்தார், அங்கும் ஏற்கவில்லை. கடலை மாத்திரம் அவர் முற்றாக விடவில்லை. வைத்தியர் தடுத்த காலங்களில் விடுவார். பின்னர் மீண்டும் நீந்துவார். அல்ஜீரியாவின் வெயிலையும் கடலையும் இளைஞரின் உடல்வனப்பையும் போற்றி அவர் எழுதிய கட்டுரைகள் 1939இல் 'மணவிழா' எனப் பொருள்படும் பெயரோடு நூலாயின. அவற்றை முதன்முறை படிப்பவர் நல்ல உடல் வாய்ந்த ஒருவனின் களிப்பு என்று எண்ணுவர். நோயை அறிந்து மறுமுறை படித்தால் அதே வாக்கியங்கள் வேறு குரலில் ஒலிக்கும். நான் மாணவருக்கு முதலில் நோயைச் சொல்லாமலே கொடுப்பேன்.

பந்தாட்ட அணி போனபின் அவர் நாடக அணியை அமைத்தார். 1930களின் நடுவில் தொழிலாளர் நாடகக் குழு ஒன்றைத் தோழர்களோடு நடத்தினார். 1937இல் அடுத்த குழுவை அமைத்தபொழுது அதற்கு அவர் இட்ட பெயர் விளையாட்டணியைக் குறிக்கும் அதே பிரெஞ்சுச் சொல். எழுதுபவன் அறையில் தனித்திருக்கிறான். மேடையிலோ ஒருவன் பிழைத்தால் மற்றவன் தாங்கவேண்டும். தாம் இழந்தது ஓட்டத்தை அன்று, இந்தத் தாங்குதலை என்று அவர் உணர்ந்திருக்கவேண்டும். உடல்நலம் இருந்திருந்தால் நாடகம், உதைபந்தாட்டம் என்னும் இரண்டில் எதனைத் தெரிந்திருப்பீர் என்று நண்பர் சார்ல் பொன்சே பிற்காலத்தில் வினவ, தயங்காது உதைபந்தாட்டம் என்றார் எனச் சொல்லப்படுகிறது.

1942இல் நோய் மீண்டும் தாக்கிற்று. இம்முறை மற்ற நுரையீரலையும் பற்றியது. அவ்வாண்டிலேதான் 'அந்நியன்' வெளிவந்தது. மலைக்காற்றை நாடிப் பிரான்சின் நடுப்பகுதியில் ஷம்போன் என்னும் ஊருக்கு அண்மையில் உள்ள பனலியே என்னும் இடத்துக்குச் சென்றார். மனைவி பிரான்சீன் அல்ஜீரியாவுக்கு முன்னே திரும்பினார். நவம்பரில் நேசநாட்டுப் படைகள் வட ஆபிரிக்காவில் இறங்கியதும் வழி அடைபட்டது. இருவரும் மீண்டும் சந்தித்தது 1944இலேதான். அந்தப் பிரிவின் போது வளர்ந்தது 1947இல் வெளியான கொள்ளைநோய் நாவல். ஓரான் நகரை நோய் பீடிக்க, நகர வாயில்கள் அடைக்கப்படுகின்றன; விளையாட்டு மைதானம் தொற்றுக்காப்பு முகாமாக மாற்றப்படுகிறது. அந்நாவலிற் கொன்சாலெஸ் என்னும் உதைபந்தாட்டக்காரன் ஒருவன் வருகிறான். போட்டிகள் நின்றுவிட்டன. அவனோ தெருவிற் கிடக்கும் கற்களைக் காலால் உதைத்து வடிகாற் துவாரத்துக்குள் செலுத்துகிறான். கல் விழுந்தால் கோல் எண்ணிக்கை சொல்கிறான். பெரிய கருத்துக்களை ஆராயும் திறனாய்வாளர் இவ்விடத்தில் நிற்பதில்லை. நான் நிற்பேன். அடைபட்ட நகரத்தில் ஒருவன் தன் விளையாட்டைக் கல்லாகச் சுருக்கி வைத்திருக்கிறான். அதே நாவலில் வைத்தியரும் அவருடைய தோழரும் ஓரிரவு முகாம்களையும் பிணங்களையும் மறந்து கடலில் நீந்தும் இடமும் உண்டு. நூல் முழுவதிலும் அவர்கள் மகிழ்ந்திருப்பது அந்தச் சிறிது நேரந்தான்.

1956இல் எழுதிய 'வீழ்ச்சி'யின் நாயகன் தன் குற்றங்களையே அடுக்கிச் செல்பவன். அவன்கூட ஞாயிற்றுக்கிழமை மைதானத்திலும் நாடக மண்டபத்திலும் மாத்திரம் தான் குற்றமற்றவனாய் உணர்ந்ததாகச் சொல்கிறான். பாத்திரத்தின் பேச்சை ஆசிரியரின் வாக்குமூலமாகக் கொள்ளலாகாது என்று மாணவருக்குச் சொல்பவன் நான். இந்த ஓரிடத்தில் அந்த விதியைச் சிறிது தளர்த்திக்கொள்கிறேன்.

பரிஸில் அவர் ஆதரித்த அணி அந்நகரத்து ரேசிங் கழகம். அதற்கு அவர் சொன்ன காரணம் விளையாட்டுத் திறன் அன்று. அவ்வணியின் சட்டையும் தம் பழைய கழகத்தின் சட்டையைப் போல நீலமும் வெள்ளையும் கோடிட்டது என்பதே. 1957 அக்டோபரில் நோபெல் பரிசுச் செய்தி வந்து ஒரு வாரத்துக்குள், 23ஆம் நாள், அக்கழகம் மொனாக்கோ அணியை எதிர்த்து ஆடிய போட்டியைப் பார்க்கப் பார்க் தே பிரேன்ஸ் மைதானத்தில் அவர் அமர்ந்திருந்தார். தொலைக்காட்சியினர் அவரைக் கூட்டத்துக்குள்ளேயே கண்டு பேட்டி எடுத்தனர். அந்தப் படம் இன்றும் இருக்கிறது. ரேசிங் கோல்காப்பாளர் அப்பொழுதுதான் ஒரு கோலை விட்டிருந்தார். நோபெல் பரிசைப் பற்றிக் கேட்கவந்தவர் அவரைப் பற்றியும் கேட்டார். குறைசொல்லலாகாது, அந்தக் கம்பங்களுக்கிடையே நின்று பார்த்தால்தான் அதன் கடினம் தெரியும் என்ற கருத்தில் காமு விடையிறுத்தார். விளையாட்டை விட்டு 27 ஆண்டுகள் ஆகியும் அவர் தீர்ப்புக் கூறியது பார்வையாளரின் ஆசனத்திலிருந்து அன்று.

எனினும் அந்த மைதானத்தைப் பற்றிப் பேசுகையில் இன்னொன்றையும் சொல்லாது செல்லுதல் முறையாகாது. அல்ஜீரியாவில் 1954 தொடக்கம் விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. அக்காலத்தில் மொனாக்கோ அணியின் பின்கள வீரராக விளங்கியவர் முஸ்தபா சித்தூனி என்னும் அல்ஜீரியர். 1958 ஏப்பிரலில் அவரும், சாந்தெத்தியேன் அணியின் றஷீத் மெக்லூபியும், வேறு பலரும் பிரான்சை விட்டு இரகசியமாக வெளியேறித் துனீசியாவை அடைந்து விடுதலை முன்னணியின் அணியாக ஆடத் தொடங்கினர். சித்தூனியும் மெக்லூபியும் அவ்வாண்டு சுவீடனில் நடந்த உலகக் கிண்ணப் போட்டிக்குப் பிரான்சின் சார்பிற் செல்லக்கூடிய நிலையில் இருந்தவர்கள். அதனை விட்டு வந்தனர். உடம்பு நலமாயிருக்கையில், புகழ் வாயிலில் நிற்கையில், தாமே விடைபெற்றவர்கள் அவர்கள். காமு அல்ஜீரியாவின் மண்ணையும் கடலையும் நேசித்தவர். முப்பதுகளிலேயே கபிலியா மலைநாட்டு மக்களின் பட்டினியைப் பத்திரிகையில் எழுதியவர். ஆயினும் முழு விடுதலையை ஏற்க அவரால் இயலவில்லை. இரு சாராரும் அவரைக் கைவிட்டனர். 'அந்நியன்' கதையிற் கொல்லப்படும் அராபியனுக்குப் பெயர் இல்லை என்று பிற்காலத்தார் குறைகூறுவதில் நியாயம் உண்டு. சித்தூனிக்கும் மெக்லூபிக்கும் பெயர் இருந்தது. அதனை அவர்கள் தம் கால்களாலேயே எழுதினர்.

நோபெல் பரிசு கிடைத்தபின் காமு தம் தாயை நினைத்தார். அடுத்து ஆரம்பப் பாடசாலை ஆசிரியர் லூயி ஜெர்மேனை நினைத்து 1957 நவம்பர் 19ஆம் நாள் அவருக்குக் கடிதம் எழுதினார். சுவீடனில் ஆற்றிய உரைகளை நூலாக்கியபொழுது அதனை அவருக்கே காணிக்கையாக்கினார். பரிசுப் பணத்திற் பிரான்சின் தென்பகுதியில் லூர்மரின் என்னும் ஊரில் ஒரு வீடு வாங்கினார். அங்கேதான் 'முதல் மனிதன்' எழுதப்பட்டது.

1960 ஜனவரி 4ஆம் நாள், பதிப்பாளர் குடும்பத்தவரான நண்பர் மிஷேல் கலிமார் செலுத்திய காரில் லூர்மரினிலிருந்து பரிஸுக்குத் திரும்பும் வழியில், வில்பிளேவின் என்னும் இடத்தில் கார் வழுவி மரத்தில் மோதியது. காமு அவ்விடத்திலேயே இறந்தார், வயது 46. முப்பது ஆண்டுகளாக அவர் காத்திருந்த சாவு நுரையீரல் வழியாக வரவில்லை. தாயார் அவ்வாண்டு செப்டெம்பரில் இறந்தார். காரில் இருந்த பையிலே 144 பக்கக் கையெழுத்துப் பிரதி ஒன்று கிடைத்தது. திருத்தப்படாத, நிறுத்தக்குறிகள்கூடச் சரியாக இடப்படாத அந்தப் பிரதியை மகள் கத்தரின் எழுத்தெழுத்தாகப் படித்தெடுத்து 1994இல் வெளியிட்டார். அந்தப் பக்கங்களிலேதான் சீமெந்து முற்றமும், மாலையிற் பாட்டியார் தூக்கிப் பார்க்கும் ஆணியடித்த சப்பாத்தும் இருக்கின்றன.